போதை மீட்புச் சிகிச்சைச் சமூகங்களுக்கான பணியாளர் பயிற்சி: ஒடுகத்தூர் மலையடிவாரத்தை முன்வைத்து

போதை மீட்பில் சிகிச்சைச் சமூகம் என்பது கூடி வாழும் வாழ்க்கையையே மருந்தாகக் கொள்ளும் முறை. போதையை விட வந்தவர்கள் பல மாதங்கள் ஒரே இடத்தில் தங்குகிறார்கள். சமையல், துப்புரவு, தோட்டம், கணக்கு என்று இல்லத்தின் எல்லா வேலைகளையும் அவர்களே பகிர்ந்து செய்கிறார்கள். புதிதாக வந்தவருக்குச் சிறு வேலையும், நடத்தை சீர்பட்டவருக்குப் பொறுப்பான வேலையும் தரப்படும். தவறு செய்தவரைச் சக வாசிகளே கூட்டத்தில் கேள்வி கேட்பார்கள். தளர்ந்தவருக்கு அவர்களே துணை நிற்பார்கள். மருத்துவரும் ஆலோசகரும் இருந்தாலும் சிகிச்சையின் சுமையை வாசிகளின் குழுவே தாங்குகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் டி லியோன் 2000இல் வெளியிட்ட நூலில் இம்முறையைச் சமூகமே சிகிச்சை வழி என்று வரையறுத்தார். இத்துறையின் பாடநூல்கள் இன்றும் அதையே அடிப்படையாகக் கொள்கின்றன.

இந்த வரையறை பணியாளரின் வேலையை மாற்றிவிடுகிறது. சாதாரண மருத்துவமனையில் பணியாளர் சிகிச்சை தருகிறார், நோயாளி பெற்றுக்கொள்கிறார். சிகிச்சைச் சமூகத்தில் வாசிகள் ஒருவருக்கொருவர் உதவும்படியான சூழலைக் காப்பதே பணியாளரின் வேலை. அவர் அளவுக்கு மீறித் தலையிட்டால் குழு செயலிழக்கும். கண்டுகொள்ளாமல் விட்டால் வலுத்தவர் கை ஓங்கும். அதனால் இங்கே பயிற்சியின் மையம் அதிகாரத்தை எந்த அளவில், எப்போது பயன்படுத்துவது என்பதே. மருந்தும் உளவியலும் சட்டமும் அதைச் சுற்றி அமைகின்றன.

இரண்டு மரபுகள்

சிகிச்சைச் சமூகம் இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தது. முதலாவது பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோன்றியது. பர்மிங்ஹாம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் மனம் பாதிக்கப்பட்ட சிப்பாய்களைக் குழுக்களாக இயங்கவிட்டு வில்ஃப்ரெட் பியோன் உள்ளிட்ட மருத்துவர்கள் சோதனை செய்தார்கள். அங்கே பணியாற்றிய டாம் மெயின் 1946இல் சிகிச்சைச் சமூகம் என்ற பெயரை எழுத்தில் கொண்டுவந்தார். மேக்ஸ்வெல் ஜோன்ஸ் பெல்மாண்ட் மருத்துவமனையில் தினசரிக் கூட்டத்தையும், நோயாளியும் பணியாளரும் சேர்ந்து முடிவெடுக்கும் வழக்கத்தையும் நிலைநிறுத்தினார். இந்த மரபில் பணியாளர்கள் மருத்துவமும் செவிலியமும் படித்தவர்கள். மேலிருந்து ஆணையிடும் பழக்கத்தை அவர்கள் விடவேண்டியிருந்தது.

இரண்டாவது மரபு போதையிலிருந்து மீண்டவர்கள் தாங்களே உருவாக்கியது. குடியிலிருந்து மீண்ட சார்லஸ் டெடரிக் 1958இல் கலிஃபோர்னியாவில் சினானான் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஹெராயினுக்கு அடிமையானவர்கள் சேர்ந்து வாழ்ந்து, ஒளிவுமறைவில்லாத குழு விவாதத்தின் வழியே மாறலாம் என்பதை அது காட்டியது. 1963இல் டேடாப்பும் 1967இல் ஃபீனிக்ஸ் ஹவுஸும் நியூயார்க்கில் அதே வழியில் எழுந்தன. இங்கே பணியாளராகத் தேவைப்பட்ட தகுதி ஒன்றே: தானும் அந்த வழியில் வந்திருக்கவேண்டும்.

சினானானின் பின்னாளைய கதை பணியாளர் பயிற்சி ஏன் தேவை என்பதற்கான முதல் பாடம். தலைவரைக் கேள்வி கேட்க ஆளில்லாத நிலையில் அது 1970களில் ஒரு மூடிய வழிபாட்டுக் கூட்டமாக மாறியது. உறுப்பினர்களின் திருமணம் முதல் முடிவெட்டு வரை ஒருவர் ஆணைப்படி நடந்தது. 1978இல் அமைப்புக்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞர் ஒருவரின் அஞ்சல் பெட்டியில் விஷப்பாம்பு வைக்கப்பட்டது. 1991இல் அமைப்பு கலைந்தது. குழுவின் அழுத்தம் ஒருவரை மீட்கவும் வல்லது, நசுக்கவும் வல்லது என்பதை அதன் பிறகு வந்த சிகிச்சைச் சமூகங்கள் விதிகளாக எழுதிக்கொண்டன. உடல் வன்முறை கூடாது, வாசிகளின் உரிமைகள் எழுத்தில் இருக்கவேண்டும், வெளியிலிருந்து மேற்பார்வை வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. படித்த பணியாளரும் மீண்ட பணியாளரும் ஒரே அணியில் வேலை செய்வது வழக்கமானதும் இதன் பிறகுதான். இருவருக்கும் வெவ்வேறு பயிற்சி தேவை என்ற உணர்வும் அப்போது வந்தது.

ஆசியாவில், இந்தியாவில், தமிழகத்தில்

கொழும்பில் தலைமையகம் கொண்ட கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு அமைப்பு 1973இல் போதைப்பொருள் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கி, ஆசிய நாடுகளின் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. சிகிச்சைப் பணியாளருக்கான பொதுப் பாடத்திட்டம் அதன் வழியே பல நாடுகளுக்குப் போனது. அப்பாடங்களை முடித்தவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் மையம் 2009இல் அமைக்கப்பட்டது. ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து வகுத்து 2020இல் திருத்தி வெளியிட்ட சிகிச்சைத் தரநிலைகளும் பயிற்சி பெற்ற பணியாளர் அணியை அடிப்படைத் தேவையாக வைக்கின்றன.

இந்தியாவில் மத்திய சமூக நீதி அமைச்சகம் 1985-86 முதல் தன்னார்வ நிறுவனங்களின் மீட்பு மையங்களுக்கு நிதி தருகிறது. 1998இல் தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் போதைத் தடுப்புக்கான தேசிய மையம் பணியாளர் பயிற்சிக்காகவே உருவானது. மண்டலவாரியாகப் பழுத்த அனுபவமுள்ள நிறுவனங்கள் பயிற்சி மையங்களாக அறிவிக்கப்பட்டன. அனிதா அவசட்டும் அனில் அவசட்டும் 1986இல் புணேயில் தொடங்கிய முக்தாங்கண் அவற்றில் ஒன்று. குணமானவர்களைப் பணியாளராக வளர்த்தெடுப்பதில் அது பெயர் பெற்றது. மருத்துவத் தரப்பில் டெல்லி எய்ம்ஸின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையமும் பெங்களூரு நிம்ஹான்ஸும் மருத்துவர், செவிலியர் பயிற்சியை ஏற்றுக்கொண்டுள்ளன.

தென்னிந்தியாவுக்கான பயிற்சி மையமாகத் திகழ்ந்தது சென்னையின் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி 1980இல் இதைத் தொடங்கினார். குடியை ஒழுக்கக்கேடாக அன்றி நோயாகப் பார்க்கும் பார்வையைத் தமிழகத்தில் பரப்பியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இங்கு நடப்பது அமெரிக்க வகைச் சிகிச்சைச் சமூகத்தின் நேர்ப் பிரதி அல்ல. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்தின் பன்னிரண்டு படிகள், குழுச் சிகிச்சை, குடும்பத்தினருக்கான தனி வகுப்பு, மருத்துவம் ஆகியவற்றின் கலவை இது. இந்தியாவில் இயங்கும் மீட்பு மையங்களில் பெரும்பாலானவை இப்படிக் கலந்த வடிவங்களே. சிகிச்சைச் சமூகத்தின் தினசரி ஒழுங்கும் பொறுப்புப் பகிர்வும் அவற்றில் வெவ்வேறு அளவில் இடம்பெறுகின்றன. எனவே இங்கே பயிற்சி தருபவர் கருவிகளின் தொகுப்பு ஒன்றைக் கற்பித்து, எதை எந்த இடத்தில் எடுப்பது என்ற தெளிவையும் சேர்த்துத் தரவேண்டியுள்ளது.

தேவை எவ்வளவு பெரியது என்பதை எய்ம்ஸ் மையம் நடத்திய, 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. நாட்டில் மதுவுக்கு அடிமையானோர் சுமார் 2.9 கோடி. அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். தமிழக அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் கலங்கரை என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. படுக்கையும் மருந்தும் பெருகும்போது, அதன் பிறகான நீண்ட மீட்சிக்குப் பழகிய பணியாளர் தட்டுப்பாடே அடுத்த இடையூறாக நிற்கிறது.

யார் பணியாளர்

ஒரு மீட்பு இல்லத்தில் மூன்று வகையினர் வேலை செய்கிறார்கள். முதல் வகையினர் மருத்துவர், செவிலியர், சமூகப்பணி அல்லது உளவியல் படித்த ஆலோசகர். இவர்களுக்கு நோய்க்குறிகள் தெரியும். குறிப்பு எழுதத் தெரியும். ஆனால் போதையிலிருப்பவரின் சாக்குப்போக்கும் கெஞ்சலும் இவர்களை எளிதில் ஏமாற்றும். ஏமாந்த பிறகு கடுமை காட்டத் தொடங்குவதும் உண்டு. குழுவில் பேசாமல் இருந்து கவனிப்பது இவர்களுக்குக் கடினம். பேச்சைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டு வகுப்பாக்கிவிடுவார்கள்.

இரண்டாம் வகையினர் மீண்டவர்கள். வாசி பொய் சொல்லும்போது கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள். ‘நானும் இப்படித்தான் இருந்தேன்’ என்ற ஒரு வாக்கியத்தால் அவர்கள் பெறும் நம்பிக்கையை எந்தப் பட்டமும் தராது. ஆனால் தான் மீண்ட வழியே எல்லோருக்கும் வழி என்று நம்புவதும், தனக்கு நேர்ந்த கடுமையை அடுத்தவர் மீது திருப்பிவிடுவதும், குறிப்பு எழுதுவதை வீண்வேலையாக நினைப்பதும் இவர்களிடம் அடிக்கடி காணப்படும் குறைகள். எவ்வளவு காலம் போதையின்றி இருந்தபின் வேலைக்கு எடுப்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் வைத்திருக்கவேண்டும். சிகிச்சை முடித்த கையோடு சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவது வாசியையும் பணியாளரையும் ஒருசேர ஆபத்தில் தள்ளும்.

மூன்றாம் வகையினர் வார்டு உதவியாளர், சமையல்காரர், காவலாளி, ஓட்டுநர். பயிற்சித் திட்டங்களில் அதிகம் விடுபடுகிறவர்கள் இவர்களே. ஆனால் இரவில் வாசியோடு அதிக நேரம் இருப்பவர்களும் இவர்கள்தான். அடிதடியும் பணம் வாங்கிக்கொண்டு பீடியோ புட்டியோ உள்ளே விடுவதும் இந்த மட்டத்தில் தொடங்குவதால், அடிப்படைப் பயிற்சி இவர்களுக்கும் கட்டாயம்.

பயிற்சியின் உள்ளடக்கம்

முதல் பாடம் உயிர்காப்பு. நீண்ட நாள் குடித்தவர் குடியை நிறுத்தியதும் சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்குச் சித்தப்பிரமை ஏற்படும்: போர்வையில் ஊராத பூச்சியைத் தட்டிவிடுவார், இருக்கும் இடம் தெரியாது, வியர்வை கொட்டும், நாடித்துடிப்பு எகிறும். இது அடங்காப்பிடாரித்தனம் அல்ல, உயிருக்கே உலை வைக்கும் நிலை என்பதை இரவுக் காவலாளியும் அறிந்திருக்கவேண்டும். அவரைக் கட்டிப்போடாமல் வெளிச்சம் போட்டு, பெயர் சொல்லிப் பேசி, செவிலியரை எழுப்பி, மருத்துவமனைக்கு அனுப்பும் வரிசை மனப்பாடமாக இருக்கவேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் ஊசி போடவேண்டும் என்பது செவிலியருக்கான பாடம்.

இரண்டாம் பாடம் நாளை நடத்துவது. காலைக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரும் வட்டமாக உட்கார்கிறார்கள். அன்று பொறுப்பிலுள்ள வாசி தொடங்கிவைக்கிறார். ஒருவர் அன்றைய சிந்தனையைச் சொல்கிறார், மற்றொருவர் நேற்று சமையலறையில் பாத்திரம் கழுவாமல் போனதை எழுப்புகிறார், மூன்றாமவர் தானே எழுந்து அது தன் வேலை என்று ஒப்புக்கொள்கிறார். பயிற்சியில் உள்ள ஆலோசகர் வட்டத்தில் ஓரிடத்தில் இருக்கிறார். அவருக்குச் சொல்லப்பட்ட வேலை, அமைதி நீளும்போது அதை நிரப்பாமலிருப்பது. ஒருவர் குறிவைக்கப்படும்போது மட்டும், ‘செஞ்ச காரியத்தப் பத்திப் பேசுவோம், ஆளப் பத்தி வேணாம்’ என்று திருப்பிவிடுவது. கூட்டம் முடிந்ததும் மூத்த பணியாளர் அவரோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் வாய் திறந்தார், அது தேவைதானா என்று கேட்கிறார். இந்தக் கேள்வியும் பதிலும்தான் பயிற்சி. கூட்ட விதிகளை அச்சிட்டுக் கொடுப்பது அதற்கு ஈடாகாது.

மூன்றாம் பாடம் நேருக்கு நேர் பேசும் குழு. அமெரிக்க மாதிரியில் இது கடுமையாக நடந்தது. தமிழ்ச் சூழலில் வயதும் உறவும் குறுக்கே வரும். ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து இருபது வயதுப் பையன் ‘ஏன் பொய் சொல்றீங்க’ என்று கேட்டால் அவர் மூட்டையைக் கட்டிவிடக்கூடும். கிராமத்து வாசிகளுக்குப் பழகிய வடிவம் ஊர்ப் பஞ்சாயத்து: குற்றம் சாட்டுவது, அபராதம் விதிப்பது, காலில் விழச் சொல்வது. குழு அந்தத் தடத்தில் சரிந்துவிடாமல் காப்பது பணியாளர் கற்கவேண்டிய நுட்பம். கேள்வியைக் கவலையோடு கேட்கவைப்பது, கேட்டவரே பின்னர் அவரோடு உட்கார்ந்து சாப்பிடும்படி செய்வது, அவமானத்தைத் தண்டனையாக ஒருபோதும் விடாமலிருப்பது ஆகியவை இதில் அடங்கும்.

நான்காம் பாடம் வேலைப் பங்கீடு. கழிப்பறை கழுவுவது யார், சோறு பரிமாறுவது யார் என்பதில் சாதி சத்தமில்லாமல் நுழையும். புதியவர் கழுவவேண்டும் என்ற சிகிச்சைச் சமூக விதி, கண்காணிப்பு இல்லாவிட்டால், ‘இன்னார்தான் கழுவவேண்டும்’ என்ற ஊர் விதியாக மாறிவிடும். சுழற்சிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும், பணியாளரும் அந்தப் பட்டியலில் ஒரு வரியாக இருப்பதும் இதற்கு மாற்று. விளிப்பதும் அப்படித்தான். வாசிகளை ‘வாடா போடா’ என்று அழைக்கும் பழக்கம் பல மையங்களில் கண்டிப்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. மலைவாசியை ஒருமையில் அழைப்பது அடிவார ஊர்களின் பழைய வழக்கம். பயிற்சியின் முதல் நாளிலேயே இவ்விரண்டையும் நிறுத்தவேண்டும்.

ஐந்தாம் பாடம் சட்டம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. எனவே மீட்பு மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெறவேண்டும். நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. சிகிச்சைத் தகவலை ரகசியமாகக் காப்பது நோயாளியின் உரிமை. சேர்க்கைக்கு ஒப்புதல் தேவை; இயலாதவருக்கு உதவியோடு கூடிய சேர்க்கைக்குத் தனி நடைமுறை உண்டு. சங்கிலியின் விலை என்ன என்பதைத் தமிழகம் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டது. அங்கு மனநோயாளிகளுக்கான தனியார் இல்லத்தில் தீப்பிடித்தபோது கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தனர். இலங்கையின் கந்தகாடு மறுவாழ்வு முகாமில் 2022 ஜூனில் ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து மோதல் எழுந்து நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். படையினர் சிலர் கைதாயினர். காவலை மறுவாழ்வு என்று பெயர் மாற்றினால் மட்டும் சிகிச்சை ஆகிவிடாது என்பதைப் பயிற்சியில் இந்நிகழ்வுகளைக் கொண்டே விளக்கலாம்.

ஆறாம் பாடம் குடும்பம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியபோது, நோயாளியோடு உறவினரும் தங்கும் ஏற்பாட்டைச் செய்தது. இந்தியச் சூழலில் அது ஒரு முன்மாதிரி. குடிநோயில் மனைவியும் தாயும் கடனை அடைப்பது, பொய் சொல்லி மறைப்பது, அடியைத் தாங்குவது என்று ஆண்டுக்கணக்கில் நோயைச் சுற்றியே வாழ்க்கையை வளைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லாமல் அந்த வளைவிலிருந்து விடுவிப்பது ஆலோசகருக்குத் தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை.

கற்பிக்கும் முறைகள்

சிகிச்சைச் சமூகப் பணியாளரை வகுப்பறையில் மட்டும் உருவாக்க முடியாது என்பதில் துறையினரிடையே பொதுவான உடன்பாடு உண்டு. இதற்காகப் பயன்படும் வழிகள் நான்கு. முதலாவது, பயிற்சி பெறுபவர் சில நாட்களேனும் வாசியாகவே தங்குவது: கைபேசியை ஒப்படைத்து, மணியடித்தால் எழுந்து, பாத்திரம் கழுவி, கூட்டத்தில் கேள்விக்கு ஆளாவது. சாவி தன் கையில் இல்லாத நிலை எப்படியிருக்கும் என்பது அப்போது உடம்பில் ஏறும். இரண்டாவது, நடித்துப் பார்ப்பது. தாய் இறந்துவிட்டதாகப் பொய் சொல்லி விடுப்புக் கேட்கும் வாசி, கணவனைத் திட்டிக்கொண்டே கூட்டிப்போக வரும் மனைவி, இரவில் கதவை உதைப்பவர் போன்ற நிலைமைகளை மாற்றி மாற்றி ஏற்று நடித்து, பார்த்தவர்கள் கருத்துச் சொல்வது. மூன்றாவது, வாரந்தோறும் மேற்பார்வை: மூத்தவர் ஒருவரிடம் கடினமான ஒரு நிகழ்வைக் கொண்டுவந்து பேசுவது. நான்காவது, தொலைவழிப் பயிற்சி. நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இணையவழிக் கலந்துரையாடல் மூலம் தொலைவிலுள்ள பணியாளர்களின் நோயாளிகளைப் பற்றி விவாதித்து வழிகாட்டுகின்றன. மாவட்ட எல்லையில் இருக்கும் சிறு மையங்களுக்கு இது பெரிய துணை.

சான்றிதழ் படிப்புகள் இவற்றுக்குச் சட்டகம் தருகின்றன. அறிவின் தரத்தை அவை சரிபார்க்கும். ஆனால் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர் இரவு இரண்டு மணிக்குக் குரலை உயர்த்தாமல் பேசுவாரா என்பதை மேற்பார்வையாளர்தான் சொல்லமுடியும்.

ஒடுகத்தூரும் சவ்வாது மலையும்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்திலுள்ள ஒடுகத்தூர், சவ்வாது மலையின் அடிவாரப் பேரூர். பீஞ்சமந்தை, பலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஆகிய மலை ஊராட்சிகளின் மக்கள் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் இறங்கிவரும் பக்கம் இது. மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர், பேச்சு தமிழ்; சாமை, புளி, தேன், பலா ஆகியவற்றோடு கூலிவேலையும் பிழைப்பு. இந்தப் பகுதியில் பணியாற்றுவோரின் பயிற்சி, நகரத்துப் பாடத்திட்டத்தில் இல்லாத சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

முதலாவது, போதையின் பொருளாதாரம். அல்லேரி உள்ளிட்ட மலைப்பகுதிகளில் போலீசார் சாராய ஊறல்களை அழிப்பது அடிக்கடி வரும் செய்தி. ஒரே குடும்பத்தில் ஒருவர் காய்ச்சுபவராகவும் மற்றவர் குடிநோயாளியாகவும் இருக்கலாம். அங்கே போகும் ஆலோசகர் போலீசின் ஆள் அல்ல என்று ஊர் நம்பவேண்டும். சிகிச்சையில் கேட்டது வழக்காக மாறாது என்ற உறுதி இல்லாமல் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ரகசியம் காத்தல் என்ற பாடம் இங்கே பாதுகாப்புப் பாடமும் ஆகிறது.

இரண்டாவது, கள்ளச்சாராய நச்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலின் விளைவு பெரும்பாலும் பல மணி நேரம் கழித்தே தெரியும்: பார்வை மங்கல், வயிற்றுவலி, மூச்சு வாங்கல். ‘போதை தெளியட்டும்’ என்று காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் கண்ணையும் உயிரையும் பறிக்கும். மலையடிவாரத்தில் பணிபுரியும் ஒவ்வொருவரும் இந்த அறிகுறிகளை அறிந்து, டயாலிசிஸ் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே அனுப்பத் தெரிந்திருக்கவேண்டும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையைச் சாலை வசதியின்றி உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியாமல் போனது. அப்படி நேராமலிருக்க, வலிப்போ மெத்தனால் நச்சோ ஏற்பட்டால் எந்த ஊரிலிருந்து எந்த வழியாக, யாருடைய வண்டியில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது என்பதை ஊர்வாரியாக முன்கூட்டியே எழுதிவைப்பது பயிற்சியின் செய்முறைப் பகுதியாக இருக்கவேண்டும்.

மூன்றாவது, காலம். சிகிச்சைச் சமூகத்தின் பலன் தங்கும் காலத்தோடு கூடுகிறது. மூன்று மாதத்துக்குக் குறைந்த தங்கலில் பலன் குறைவு என்பது ஆய்வுகளின் பொது முடிவு. மலைக் குடும்பத்தில் ஒருவர் மூன்று மாதம் வராமல் இருந்தால் விதைப்போ அறுவடையோ தவறும். பலர் கூலிக்காக வெளிமாநிலம் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டது, இப்பகுதிகளின் வறுமை மனிதரை எங்கே தள்ளுகிறது என்பதைக் காட்டியது. எனவே இங்கே நீண்ட தங்கலும் குறுகிய முகாமும் இணையவேண்டும். டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மஞ்சக்குடியில் நடத்திய 15 நாள் கிராம முகாம்கள் அதற்கு வழிகாட்டி. ஊர்ப் பொது இடத்தில் தங்கவைத்து, ஊராரையே ஏற்பாட்டில் சேர்த்து, முடிந்தபின் நீண்ட காலம் தொடர்ந்து சந்திக்கும் முறை அது. முகாமில் குழுவை விரைவில் உருவாக்கவும், முடிந்தபின் அது கலையாமல் காக்கவும் பணியாளருக்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

நான்காவது, தொடர்சந்திப்பு. மலையிலுள்ளவரை மாதந்தோறும் மையத்துக்கு வரச் சொன்னால் வரமாட்டார். ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடுகிறது. ஆடு விற்கவும் சாமான் வாங்கவும் குடும்பங்கள் இறங்கிவரும். கையில் பணம் புரளும் அந்த நாள்தான் மீண்டவர் சறுக்கவும் வாய்ப்புள்ள நாள். சந்தை நாளிலேயே சந்திப்பை வைப்பதும், அந்தக் காலை நேரத்தை மீண்டவர் இருவர் மூவராகச் சேர்ந்து கழிக்க ஏற்பாடு செய்வதும் களப்பணியாளர் கற்கவேண்டிய உத்தி.

ஐந்தாவது, ஆட்களைத் தேர்ந்தெடுப்பது. இப்பகுதிக்கான பணியாளர் இப்பகுதியிலிருந்தே வரவேண்டும். மலை ஊர்களில் மீண்டவர்களையும், மகளிர் குழுக்களில் செல்வாக்குள்ள பெண்களையும், ஆஷா பணியாளர்களையும் எடுத்துப் பயிற்றுவிப்பது, வெளியூர்ப் பட்டதாரியை அனுப்பிவைப்பதைவிட நீடிக்கும். பெண்கள் குடிநோயாளிகளாக வெளிப்படுவது குறைவு. ஆனால் அடியும் கடனும் அவர்கள் தலையில். அவர்களோடு பேசப் பெண் பணியாளர் இல்லாத மையம் பாதி வேலையே செய்கிறது.

பணியாளரைக் காப்பது

இத்துறையில் ஆள் நிலைப்பதில்லை. சம்பளம் குறைவு, மானியம் தாமதமாக வருவது வழக்கம், இரவுப்பணி உண்டு, வெற்றி கண்ணுக்கு உடனே தெரியாது. ஆறு மாதம் பாடுபட்டு அனுப்பியவர் மறுவாரமே குடித்துவிட்டு வாசலில் நிற்கும்போது பணியாளர் அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொள்வார். மறுசறுக்கல் இந்நோயின் போக்கில் எதிர்பார்க்கவேண்டியது என்பதைப் பாடமாகச் சொல்வதோடு, அப்படி ஒன்று நடந்தபின் அணியாகக் கூடிப் பேசும் வழக்கத்தையும் நிறுவனம் ஏற்படுத்தவேண்டும்.

மீண்ட பணியாளரே சறுக்கும்போது சோதனை கடுமையாகிறது. அதை மறைத்தால் வாசிகளுக்கு முதலில் தெரிந்துவிடும். துரத்திவிட்டால் இல்லம் சொல்லும் பாடமே பொய்யாகும். பணியிலிருந்து விலக்கி, வேறிடத்தில் சிகிச்சைக்கு அனுப்பி, திரும்பும் நிபந்தனையை எழுத்தில் வைப்பதே ஏற்ற வழி. வாசியிடம் கடன் வாங்குவது, வீட்டு வேலைக்குக் கூப்பிடுவது, பரிசு பெறுவது, நெருங்கிய உறவு கொள்வது ஆகிய எல்லைமீறல்களுக்கும் முன்கூட்டியே எழுதப்பட்ட விதி வேண்டும்.

பயிற்சியை அளப்பது

பயிற்சி பயனளித்ததா என்பதை நடத்திய வகுப்புகளின் எண்ணிக்கை காட்டாது. இல்லத்தின் நிலையைப் பார்க்கவேண்டும். முதல் மாதத்திலேயே வெளியேறுவோர் குறைந்திருக்கிறார்களா, புகார்ப் பெட்டி பயன்படுகிறதா, கட்டிப்போட்ட நிகழ்வு பதிவாகியிருக்கிறதா, கூட்டங்களை வாசிகளே நடத்துகிறார்களா, வெளியேறி ஓராண்டானவர்களுடன் தொடர்பு இருக்கிறதா, பணியாளர் இரண்டாண்டு தாண்டி நிற்கிறார்களா என்ற ஆறு கேள்விகள் போதும்.

இவற்றை நோக்கிச் செல்லும் பயிற்சிக்கு ஒரு வரிசையும் உண்டு. உயிர்காப்பும் சட்டமும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், வாசியாகத் தங்குவதும் குழுவில் அமர்வதும் முதல் மாதத்தில், மேற்பார்வை தொடர்ச்சியாக, சான்றிதழ் படிப்பு ஓராண்டு அனுபவத்துக்குப் பின். ஒடுகத்தூர் போன்ற அடிவாரங்களில் இந்த வரிசையில் மலை ஊர்களின் வழி, சந்தை, அறுவடைக் காலம், கள்ளச்சாராய நச்சு ஆகியவை முதல் மாதத்திலேயே சேரவேண்டும். எந்தப் பாடம் பின்னுக்குப் போனாலும் ஈடுகட்டலாம். மேற்பார்வை இல்லாமல் போனால் பயிற்சி பெற்றவரும் சில மாதங்களில் பழைய காவலாளி மனநிலைக்கே திரும்பிவிடுவார்.